சூடு கேட்கும் சென்சார்: பைக்கில் வைட்பேண்டுக்கு மின்சாரம் கொடுத்த கதை

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வாங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். சைலன்சர் பைப்பில் எந்த இடத்தில் மாட்டுவது? பவர் எங்கிருந்து எடுப்பது? முதல் கேள்விக்குப் படம் வரைந்து விளக்க ஆள் இருக்கிறார்கள். இரண்டாவதுக்கு, "ஏதாவது ஒரு இக்னிஷன் வயர்ல சேர்த்து விடுங்க, போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு வரி பழைய பைக்கில் பலருக்குச் சரியாக வந்தது. புது பைக்கில் வருவதில்லை. ஏன் என்று தேடிப் போனபோது 1890களின் ஒரு மின்விளக்கு வரை போக வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், இந்தக் கருவி என்ன செய்கிறது என்று சுருக்கமாக. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் போய் எரிந்தன என்பதை, வெளியே வரும் புகையில் இருக்கும் ஆக்சிஜனை வைத்துச் சொல்கிறது. சுத்தமான பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரியும் விகிதம். காற்று கூடினால் லீன், பெட்ரோல் கூடினால் ரிச். பைக்கில் கம்பெனியே வைத்துத் தரும் சாதாரண சென்சார், அந்த எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோம் என்பதை வைட்பேண்ட் சொல்லும். ட்யூனிங் செய்கிறவருக்கு வேண்டியது அந்த "எவ்வளவு"தான்.

விளக்காகப் பிறந்த பீங்கான்

வால்டர் நெர்ன்ஸ்ட் ஜெர்மன் வேதியியலாளர். 1889இல் அவர் எழுதிய சமன்பாட்டை பிளஸ் டூ வேதியியலில் படித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒரு பொருளின் செறிவு வேறுவேறாக இருந்தால் அங்கே எவ்வளவு வோல்டேஜ் உண்டாகும் என்று சொல்லும் சமன்பாடு அது. ஆக்சிஜன் சென்சார் வேலை செய்வதே அந்தக் கணக்கில்தான். ஒரு பீங்கான் சுவர். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை. ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் சுவருக்குக் குறுக்கே ஒரு சின்ன வோல்டேஜ் பிறக்கும்.

அந்தச் சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பதிலும் நெர்ன்ஸ்டின் கை இருக்கிறது. கோட்டிங்கனில் இருந்தபோது, 1897 வாக்கில், அவர் ஒரு மின்விளக்கு செய்தார். எடிசன் விளக்கின் கார்பன் இழைக்குப் பதிலாக, சிர்கோனியம் ஆக்சைடில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்த மெல்லிய பீங்கான் குச்சி. காற்றில்லாத கண்ணாடிக் குடுவை தேவையில்லை. திறந்த காற்றிலேயே பளீரென்று எரியும். ஏஇஜி நிறுவனம் பெரிய தொகை கொடுத்து உரிமையை வாங்கியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் இந்த விளக்குகளை வரிசையாக எரியவிட்டுக் காட்டியது.

அந்த விளக்கில் ஒரு தொல்லை இருந்தது. சிர்கோனியா பீங்கான் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது. சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்காது. முதலில் அதைச் சூடாக்க வேண்டும். ஆரம்பத்தில் தீக்குச்சி, ஸ்பிரிட் விளக்கு ஆகியவற்றால் குச்சியைச் சூடுகாட்டித்தான் எரிய வைத்தார்கள். பிறகு குச்சிக்குப் பக்கத்திலேயே பிளாட்டினம் கம்பிச் சுருள் ஒன்றை ஹீட்டராக வைத்தார்கள். குச்சி சூடாகிக் கடத்தத் தொடங்கியதும் ஒரு குட்டி ரிலே அந்த ஹீட்டரை அணைத்துவிடும். சுவிட்சைப் போட்டுவிட்டு வெளிச்சத்துக்காகச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். டங்ஸ்டன் இழை வந்ததும் இந்த விளக்கு ஒழிந்துபோனது.

ஹீட்டரும் ரிலேயும் காத்திருப்பும் வைட்பேண்ட் பெட்டியைத் திறந்தால் உள்ளே அப்படியே இருக்கின்றன. பொருள் அதே பொருள், பிடிவாதமும் அதே பிடிவாதம். சூடு கொடுத்தால்தான் வேலை செய்யும்.

(சிர்கோனியத்தின் தாதுவான சிர்கான் நமக்கும் அந்நியமில்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிறது. இந்திய அரசு நிறுவனம் அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது.)

காருக்குள் வந்த கதை

1960களின் கடைசியில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் இந்தப் பீங்கானை வைத்து வாகனப் புகையை அளக்கும் வேலை தொடங்கியது. 1976இல் வால்வோ 240 காரில் 'லாம்ப்டா சோண்ட்' என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. கலிபோர்னியாவின் கடுமையான புகை விதிகள்தான் அதற்கு உடனடிக் காரணம். மூன்று வழி கேடலிடிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் எரிபொருள் விகிதம் எல்லைக் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டும். அதைக் காவல் காக்க ஒரு மூக்கு தேவைப்பட்டது.

முதல் தலைமுறை சென்சாரில் ஹீட்டர் கிடையாது. புகையின் சூட்டிலேயே பீங்கான் சூடாகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 350 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும் வரை அது ஊமை. ஐடிலில் ரொம்ப நேரம் நின்றால் மறுபடி குளிர்ந்து ஊமையாகிவிடும். 1982இல் பாஷ் ஹீட்டர் வைத்த சென்சாரைக் கொண்டுவந்தது. சென்சாருக்குத் தனியாக மின்சாரம் தேவைப்பட்டது அப்போதிருந்துதான்.

வைட்பேண்ட் என்பது அதற்கு அடுத்த படி. 1992இல் என்டிகே பெயரில் வந்தது. ஜப்பானின் நகோயாவில் ஸ்பார்க் பிளக் செய்யும் என்ஜிகே கம்பெனியின் சென்சார் பிரிவுதான் என்டிகே. அதுவரை மெக்கானிக்குகள் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எஞ்சினின் நிலையைச் சொன்னார்கள். அந்தப் பீங்கானைச் செய்தவர்களே பார்வைக்குப் பதிலாக எண் சொல்லும் பீங்கானையும் செய்தார்கள்.

வைட்பேண்டில் இரண்டு சிர்கோனியா செல்கள் உண்டு. நடுவில் ஒரு நுண்ணிய அறை. புகை அதற்குள் கசிந்து வரும். ஒரு செல் அறையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும். இன்னொரு செல் ஒரு பம்ப் மாதிரி. அதில் மின்சாரம் செலுத்தினால் ஆக்சிஜனை உள்ளே தள்ளும் அல்லது வெளியே எடுக்கும். அறை எப்போதும் எல்லைக் கோட்டிலேயே இருக்கும்படி கண்ட்ரோலர் இந்தப் பம்பை ஓட்டுகிறது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது, எந்தத் திசையில் என்பதுதான் அளவு.

இதில் ஒரு நிபந்தனை. வெப்பநிலை மாறினால் இந்தக் கணக்கும் மாறிவிடும். ஆகவே "சூடாக இருந்தால் போதும்" என்ற காலம் போய், "ஒரே சூட்டில் நிற்க வேண்டும்" என்ற காலம் வந்தது. பரவலாகப் பயன்படும் பாஷ் எல்.எஸ்.யு. 4.9 சென்சாருக்கு அந்த இலக்கு சுமார் 780 டிகிரி. பீங்கானின் மின்தடையையே தெர்மாமீட்டராக வைத்து, கண்ட்ரோலர் ஹீட்டரை நொடிக்குப் பலமுறை அணைத்து ஏற்றி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதற்கு எவ்வளவு கரண்ட்? நிலைக்கு வந்தபின் ஹீட்டரின் பெயரளவுத் தேவை 7.5 வாட்தான். ஒரு இண்டிகேட்டர் பல்பு அளவுகூட இல்லை. ஆனால் குளிர்ந்த நிலையில் ஹீட்டரின் மின்தடை சுமார் 3.2 ஓம். அதில் நேராக 12 வோல்ட்டைக் கொடுத்தால் கிட்டத்தட்ட 4 ஆம்பியர், அதாவது 45 வாட். ஒரு ஹெட்லைட் பல்புக்கு அருகே வந்துவிடுகிறது. நல்ல கண்ட்ரோலர்கள் அப்படி ஒரேயடியாகக் கொடுக்காமல் படிப்படியாக ஏற்றும். அப்படியிருந்தும் முதல் அரை நிமிடம்தான் இந்தக் கருவிக்குப் பசி அதிகம்.

மோட்டார் சைக்கிளின் வறுமை

காரில் இந்தப் பசி யாருக்கும் தெரியவே இல்லை. காரின் ஆல்டர்னேட்டர் பல நூறு வாட் தருவது. பைக்கின் வீடு அப்படியல்ல. அங்கே எப்போதும் பற்றாக்குறைதான்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு ஹெட்லைட் மூடியின் மேல் இருந்த ஆம்மீட்டர் நினைவிருக்கும். திருவொற்றியூரில் 1955 முதல் செய்யப்பட்ட அந்த வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு சடங்கு உண்டு. டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் விட்டு, ஒரே உதை. முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்திருக்கிறது, காயிலுக்குக் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். வண்டியின் வரவு செலவு கண்ணெதிரே தெரிந்தது. ஹெட்லைட்டைப் போட்டால் முள் ஒரு பக்கம் சாயும், எஞ்சினை ஏற்றினால் மறுபக்கம் போகும்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளின் ஏற்பாடும் எளிமையானது. 1953 ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்வின்னில் லூகாஸ் ஆல்டர்னேட்டர் வந்தது. சுழலும் நிரந்தர காந்தம், சுற்றிலும் காயில். காந்தத்தை அணைக்க முடியாது. எனவே எஞ்சின் வேகமாக ஓடினால் தேவைக்கு மேல் மின்சாரம் பிறந்துகொண்டே இருக்கும். 12 வோல்ட்டுக்கு மாறிய 1960களில், அந்த உபரியை ஒரு சீனர் டையோடு வழியாக விட்டு வெறும் சூடாகக் காற்றில் கரைத்தார்கள். 1969 ஹோண்டா சிபி750 அந்த நாளில் பெரிய வண்டி. அதன் ஆல்டர்னேட்டர் தந்தது 210 வாட், அதுவும் 5000 ஆர்பிஎம்மில்.

நம் ரோடுகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் ஏற்பாடும் இதே வம்சம்தான். நிரந்தர காந்தம், ஸ்டேட்டர் காயில், உபரியை எர்த்துக்குத் திருப்பிவிடும் ரெகுலேட்டர். இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். வண்டி ஓடும்போது உபரி மின்சாரம் பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது. வைட்பேண்ட் கேட்கும் சில வாட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஐடிலில் நிற்கும்போது மட்டும் வரவு சுருங்குகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் அரை நிமிடம், அதாவது சென்சாருக்குப் பசி உச்சத்தில் இருக்கும் அதே நேரம், வண்டியின் கையில் காசு குறைவு. அந்தச் சில நொடிகளைத் தாங்க வேண்டியது பேட்டரி.

இந்த வறுமையால்தான் பைக் ட்யூனிங் நீண்ட காலம் மின்சாரமே கேட்காத முறைகளில் நடந்தது. ஃபுல் த்ராட்டிலில் ஓடி, சட்டென்று எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. செங்கல் நிறமா, சுண்ணாம்பு வெள்ளையா, கரியா? இங்கிலாந்தின் கன்சன் கம்பெனி, 'கலர்ட்யூன்' என்று கண்ணாடி வைத்த பிளக் ஒன்றை விற்றது. எஞ்சினுக்குள் எரியும் தீயையே அதில் பார்க்கலாம். நீலம் என்றால் சரி, மஞ்சள் என்றால் பெட்ரோல் அதிகம். இவை எல்லாமே கண்ணை நம்பிய முறைகள். அனுபவசாலி கண்ணுக்கு நன்றாகவே வேலை செய்தன. ஆனால் 4000 ஆர்பிஎம்மில் கால் த்ராட்டிலில் என்ன நடக்கிறது என்று பிளக் நிறம் தனியாகச் சொல்லாது.

பைக்குக்கும் மூக்கு வந்தது

1991இல் பிஎம்டபிள்யூ தன் கே வரிசை பைக்குகளில் சென்சார் கட்டுப்பாட்டோடு கூடிய மூன்று வழி கேடலிடிக் கன்வர்ட்டரைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அது வெகு நாள் கழித்துத்தான். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோலே கிடைக்கவில்லை. ஈயம் இந்தப் பீங்கானுக்கு விஷம். 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ, அடுத்த ஆண்டு பல்சர் 220 என்று இன்ஜெக்‌ஷன் மெல்ல எட்டிப் பார்த்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 வந்ததும் கார்புரேட்டர் காலம் ஏறக்குறைய முடிந்தது. இன்று 100 சிசி வண்டியிலும் எஞ்சின் கம்ப்யூட்டர் உண்டு, ஆக்சிஜன் சென்சார் உண்டு.

அப்போ வண்டியிலேயே சென்சார் இருக்கும்போது தனியாக ஒன்று எதுக்கு? முன்பே சொன்னபடி, அது எல்லைக் கோட்டை மட்டும் பார்க்கும் சென்சார். நிதானமாகப் போகும்போது அதன் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்கும். ஃபுல் த்ராட்டிலில் எஞ்சினுக்கு ரிச் கலவை தேவை. அந்த இடத்தில் இந்தச் சென்சாருக்குச் சொல்ல எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் தன் மனப்பாட அட்டவணையை வைத்துப் பெட்ரோல் ஊற்றும். சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றியவருக்கு அந்த அட்டவணை பொருந்தாது. எவ்வளவு பொருந்தவில்லை என்று தெரிய வைட்பேண்ட் தவிர வேறு சுலபமான வழி இல்லை. லீனாக ஓடும் எஞ்சின் சத்தம் போட்டு எச்சரிக்காது. பிஸ்டன் மேல்பகுதி உருகிய பிறகுதான் தெரியும்.

வாட் இருக்கிறது, வாசல் இல்லை

இப்போது புது பைக்கின் விநோதத்துக்கு வருவோம். பழைய வண்டியில் மின்சாரம் பற்றாக்குறை. ஆனால் எந்த வயரிலும் கை வைக்கலாம். புது வண்டியில் மின்சாரம் போதுமான அளவு இருக்கிறது. 55 வாட் ஹாலஜன் பல்பு இருந்த இடத்தில், அதில் பாதிகூடக் கேட்காத எல்இடி வந்துவிட்டது. ஆனால் வயரில் கை வைத்தால் வண்டி கேள்வி கேட்கிறது.

2004 பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேன் பஸ் வயரிங்கோடு வந்த அந்த வண்டியில் வழக்கமான ஃபியூஸ் பெட்டியே கிடையாது. ஒவ்வொரு கிளையிலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று ஒரு எலக்ட்ரானிக் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் அந்தக் கிளையை அணைத்துவிடும். ஃபியூஸ் போனால் மாற்றலாம். இதில் மாற்ற எதுவும் இல்லை. பெரிய வண்டிகளில் தொடங்கிய இந்தப் பழக்கம் இப்போது கீழே இறங்கி வருகிறது. நம் ஊரில் 2023 ஏப்ரலில் வந்த ஓபிடி இரண்டாம் கட்ட விதிகள், புகைக்குச் சம்பந்தப்பட்ட பாகங்களைக் கம்ப்யூட்டர் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்கின்றன. ஒரு வயரில் நாம் சேர்க்கும் இன்னொரு வயரை, பழுதாகவே அது பார்க்கும்.

அதனால் "ஏதாவது ஒரு இக்னிஷன் வயர்" என்ற அறிவுரை என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டெயில் லைட் வயர்: எளிதாகக் கை எட்டும் இடம். எல்இடிக்குக் கணக்குப் போட்ட மெல்லிய வயர் அது. குளிர்ந்த ஹீட்டர் 3 ஆம்பியர் இழுத்தால் ஃபியூஸ் போகும். ராத்திரி நெடுஞ்சாலையில் பின்விளக்கு அணைந்ததை ஓட்டுபவர் பார்க்கவே முடியாது. பின்னால் வரும் லாரிக்காரர்தான் பார்க்க வேண்டும், அதுவும் தாமதமாக.

வண்டியின் சொந்த ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் வயர்: "அதுவும் ஹீட்டர், இதுவும் ஹீட்டர்" என்று தர்க்கம் சரியாகத் தோன்றும். ஆனால் அந்த ஹீட்டரைக் கம்ப்யூட்டர் விட்டுவிட்டு இயக்குகிறது, அதன் வழியே போகும் கரண்டையும் சோதிக்கிறது. கூடுதல் சுமை தெரிந்தால் செக் எஞ்சின் விளக்கு எரியும். விட்டுவிட்டு வரும் மின்சாரத்தில் வைட்பேண்ட் கண்ட்ரோலரும் ஒழுங்காக இயங்காது.

டயக்னாஸ்டிக் கப்ளர்: சீட்டுக்கு அடியில் இருக்கும், பேட்டரி பிளஸ் அதிலேயே வரும், மாட்டிக் கழற்றவும் சுலபம். ஆனால் அது ஸ்கேனர் போன்ற சிறிய கருவிக்காக இழுத்த வயர். தவிர, பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் இருக்கும். மறந்து விட்டுப் போனால் காலையில் பேட்டரி காலி.

ஃபியூயல் பம்ப் வயர்: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏன் என்றால் இது தவறு மாதிரியே தெரியாது. பம்ப் வயர் கொஞ்சம் தடிமனாக இருக்கும், எஞ்சின் ஓடும்போது மட்டும் உயிரோடு இருக்கும், ஹீட்டரையும் தாங்கிவிடும். ஆனால் கூடுதல் கரண்ட் போவதால் அந்த வயரில் வோல்டேஜ் கொஞ்சம் விழும். பம்ப் கொஞ்சம் சோர்ந்து சுழலும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. எஞ்சின் அதிகபட்ச பெட்ரோலைக் கேட்கும் ஃபுல் த்ராட்டிலில் பம்ப் பின்தங்கினால் கலவை லீனாகும். கம்ப்யூட்டர் தன்னிடம் வரும் பேட்டரி வோல்டேஜைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கும். வைட்பேண்ட் மீட்டர் "லீன்" என்று காட்டும். அது பொய்யே இல்லை. அந்த லீனை உண்டாக்கியது அந்த மீட்டரே! அதை நம்பி அட்டவணையில் பெட்ரோலைக் கூட்டிவிட்டு, மீட்டரைக் கழற்றி வைத்தால், வண்டி ரிச்சாக ஓடும்.

தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் வருகிற மாதிரி. அளக்கிற கருவி, அளக்கப்படுவதைத் தொடக் கூடாது. பவர் எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியை வெறும் வயரிங் வேலையாக நினைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எர்த்திலும் ஒரு பொய்

பிளஸ் வயரைப் பற்றி யோசிக்கிறவர்களும் எர்த்தைப் பற்றி யோசிப்பதில்லை. "சேஸிஸ்ல எங்க வேணா போல்ட் போடலாம்" என்பார்கள்.

பல கண்ட்ரோலர்கள் அளவை 0 முதல் 5 வோல்ட் வரையிலான சிக்னலாக வெளியே அனுப்பும். 0 வோல்ட் என்றால் 10:1, 5 வோல்ட் என்றால் 20:1 என்று ஒரு கண்ட்ரோலர் வைத்திருப்பதாகக் கொள்வோம். 1 வோல்ட்டுக்கு 2 புள்ளி. இப்போது ஹீட்டரும் சிக்னலும் ஒரே எர்த் வயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. துருப்பிடித்த போல்ட்டிலும் நீள வயரிலும் சேர்ந்து 0.1 ஓம் தடை. ஹீட்டர் கரண்ட் 1 ஆம்பியர். விழுவது 0.1 வோல்ட். மீட்டரில் அது 0.2 புள்ளி. உண்மையில் 12.8 ஆக இருப்பது 13.0 என்று தெரியும். ஹீட்டர் அதிகம் இழுக்கும் குளிர் நேரத்தில் பிழை இன்னும் கூடும், சூடானதும் குறையும். ஆகவே எண் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும்; எஞ்சின்தான் அப்படி ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

அளப்பதற்காகக் கொடுத்த சூடே அளவைக் கெடுக்கிறது. இதற்கு வழி எளிது. ஹீட்டர் எர்த் நேராக பேட்டரி மைனஸுக்குப் போக வேண்டும். சிக்னல் எர்த், அந்தச் சிக்னலைப் படிக்கும் கருவியின் எர்த்தோடு தனியாகச் சேர வேண்டும்.

எப்படிக் கொடுக்கலாம்

இதுவரை சொன்னதிலிருந்து விடை தானாக வந்துவிடுகிறது. பசியாறும் வயர் வேறு, கட்டளை கொடுக்கும் வயர் வேறு என்று பிரித்துவிட வேண்டும். பேட்டரி பிளஸிலிருந்து தனி வயர், அதில் பேட்டரிக்கு மிக அருகில் கண்ட்ரோலர் செய்தவர் சொல்லும் அளவுக்கு ஒரு ஃபியூஸ் (பெரும்பாலும் 5 ஆம்பியர்), பிறகு ஒரு ரிலே. ரிலேயை இயக்குவதற்கு மட்டும் இக்னிஷனில் உயிர் பெறும் ஒரு வயரைத் தொடலாம். சாதாரண ரிலேயின் காயில் 0.15 ஆம்பியர் அளவுக்குத்தான் கேட்கும். கம்பெனியே ஆக்சசரிக்கென்று ஒரு கப்ளர் விட்டிருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு சென்சாருக்குப் பவர் போவது நல்லது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சரிந்து கண்ட்ரோலர் அணைந்து மறுபடி எழும். தவிர, குளிர்ந்த சைலன்சரில் தண்ணீர்த் துளிகள் இருக்கும். சிவக்கச் சூடான பீங்கானில் ஒரு துளி பட்டால் விரிசல். ஆனால் ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. பவர் இல்லாத சென்சார் ஓடும் எஞ்சினின் புகையில் நின்றால் கரி படிந்து கெட்டுவிடும். ட்யூனிங் முடிந்தால் கழற்றி, அந்த ஓட்டையை மூடிவிடுவதே சரி.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கவில்லை. வாரண்டியும் போகும். அளந்து பார்ப்பது ஒன்று, அளந்ததை வைத்துப் புகையைக் கூட்டுவது வேறு.

புல்லட்டின் ஆம்மீட்டர் போய்விட்டது. வண்டியின் வரவு செலவை இப்போது நமக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை நாம் படிக்க வழியில்லை. நம் கையில் மிஞ்சியிருப்பது, நாமாக இழுக்கும் ஒரு தனி வயரும் ஒரு ரிலேயும்தான். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் நெர்ன்ஸ்ட் விளக்கை வாங்கியவர் தீக்குச்சியைக் கிழித்து அந்தப் பீங்கான் குச்சிக்குச் சூடு காட்டியபோது, வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், தனியாகத்தான் அந்தச் சூட்டைக் கொடுத்தார். பைக்கிலும் அதையேதான் செய்ய வேண்டியிருக்கிறது.